கும்மிடிப்பூண்டியில் மட்டும் பெய்யாத மழை

என் உத்தியோகம் என்னவென்று வெளியில் சொல்லிவிட்டால் போதும், எதிரில் இருப்பவர் அண்ணாந்து ஒருமுறை வானத்தைப் பார்த்துவிட்டு, "நாளைக்கு மழை வருமா?" என்பார். கல்யாணப் பந்தியில் கேட்டிருக்கிறார்கள். பல் டாக்டர் ஒருவர் என்னை வாயைத் திறக்கச் சொல்லி, பஞ்சை அடைத்துவிட்டு, அதற்கப்புறம் கேட்டிருக்கிறார். நான் மழை சொல்கிறவள் இல்லை. மழை சொல்கிறவர்களுக்குக் கருவிகளைச் சரியாக வைத்துக் கொடுக்கிறவள். இதை விளக்கிச் சொன்னால், "அது சரி, வருமா வராதா?" என்று மறுபடியும் அங்கேயே வந்து நிற்பார்கள். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும் என்று வீட்டில் சொல்வதற்கு இந்த ஊர்தான் காரணம்.

திருவள்ளூர் மாவட்டத்தில் பள்ளிப்பட்டு தொடங்கிக் கடற்கரை வரைக்கும் ஆங்காங்கே கம்பி வேலிக்குள் ஒரு கம்பம் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். உச்சியில் சின்னக் காற்றாடி சுற்றிக்கொண்டிருக்கும், நடுவில் சோலார் பலகை, பக்கத்தில் சிமெண்டுத் திட்டின்மேல் வெள்ளை உருளை ஒன்று. அந்த உருளைதான் மழைமானி. செல்போன் கோபுரத்தின் குட்டி என்று நினைத்து, "ஏன் இங்க டவரே கிடைக்கல?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்களும் உண்டு. ஓர் ஆய்வு மையம் இந்த நிலையங்களை வைத்திருக்கிறது. அவற்றைப் பராமரிக்கும் ஒப்பந்த நிறுவனத்தில் எனக்கு வேலை. குடியிருப்பது மீஞ்சூரில். அங்கிருந்து ரயிலோ ஸ்கூட்டரோ, எது வசதியோ அதில் போவேன்.

மழைமானியைத் திறந்து பார்த்தால் உள்ளே பெரிய வித்தை எதுவும் இருக்காது. மேலே ஒரு புனல். அதற்குக் கீழே, பூங்காவில் பிள்ளைகள் ஏறி ஆடும் ஏற்ற இறக்கப் பலகை மாதிரி, இரண்டு முனையிலும் சின்னக் கிண்ணம் வைத்த ஒரு தகடு. ஒரு கிண்ணம் நிறைந்ததும் தகடு சாய்ந்து தண்ணீரைக் கொட்டிவிடும், மற்றக் கிண்ணம் மேலே வந்து நிறையத் தொடங்கும். சாயும் ஒவ்வொரு தடவையும் 'டிக்' என்று ஒரு சத்தம். அந்த டிக்கைத்தான் கருவி எண்ணி, சிம் கார்டு வழியாக ஆய்வு மையத்தின் கம்ப்யூட்டருக்கு அனுப்புகிறது. வானத்திலிருந்து இறங்குவதை இவ்வளவு எளிமையாக எண்ணிவிட முடியும் என்பதில் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம் தீரவில்லை. சோதனைக்காக நான் கொண்டுபோகும் பாட்டில் தண்ணீரை ஊற்றிவிட்டு, வேலை முடிந்த பிறகும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன்.

என்னை 'மழை வருமா' என்று கேட்பவர்களில் ஒருவருக்கு மட்டும் கேட்க உரிமை உண்டு. அவர் என் அண்ணி. அண்ணன் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை செய்கிறார். திருவாலங்காட்டுக்குப் பக்கத்தில் எங்கள் குடும்பத்து நிலத்தில் நெல் வைப்பது, ஆள் பிடிப்பது, அறுப்பு மெஷினுக்குச் சொல்லி வைப்பது எல்லாம் அண்ணிதான். "இன்னா பாப்பா, உன் மழை இன்னா சொல்லுது?" என்பதுதான் போனில் அவர் கேட்கும் முதல் கேள்வி. மழை ஏதோ நான் பெற்று வளர்த்தது மாதிரி.

ஒரு தை மாதத்தில் நான் அந்த உரிமையைக் காப்பாற்றவில்லை. சம்பா நெல் அறுத்துக் களத்தில் கொட்டியிருந்தது. அண்ணி கேட்டார். எங்கள் ஆய்வு மையம் எல்லோர் போனுக்கும் அனுப்பும் முன்னறிவிப்பைப் பார்த்து, "லேசான மேகம்தான் அண்ணி, காயப் போடுங்க" என்றேன். மதியத்துக்குமேல் கடல் பக்கமிருந்து வந்த மழை களத்தையே குளமாக்கிவிட்டது. நெல் நிறம் மாறி, ஓரமெல்லாம் முளை விட்டு, கொள்முதல் நிலையத்தில் ஈரம் பார்த்தவுடனேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அண்ணி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "உன்னை நம்பி இன்னா பண்றது, மேல கீறவனைத்தான் கேக்கணும்" என்று சிரித்தார். பிறகு வேறு யாரிடமோ சொல்கிற மாதிரி, செங்கல் சூளைக்காரர் நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டுக்கொண்டிருப்பதையும், இன்னொரு தடவை இப்படி ஆனால் கொடுத்துவிடப் போவதையும் சொன்னார். சூளைக்குப் போன மண் திரும்பி வராது என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

அதற்குச் சில மாதங்கள் கழித்து ஆய்வு மையத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தார். எங்கள் நிலையங்களிலிருந்து வரும் கணக்கைப் பார்க்கும் ஆராய்ச்சியாளர். என்னைவிடச் சின்னவர், என்னைவிடப் பொறுமைசாலி.

"உங்க கும்மிடிப்பூண்டியில மழையே பெய்யாதா மேடம்?" என்றார்.

தொழிற்பேட்டையில், இரும்பு உருக்கும் ஆலை ஒன்றின் முற்றத்தில் இருக்கும் நிலையத்தைப் பற்றிக் கேட்டார். ரேடாரில் அந்த இடத்துக்குமேல் கனத்த மேகம் தெரிகிறது. பொன்னேரிப் பக்கம், பழவேற்காட்டுப் பக்கம் எல்லாம் மழைமானிகள் எண்ணித் தள்ளுகின்றன. இந்த ஒன்று மட்டும் சைபர் சொல்கிறது. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, எப்போது மழை பெய்தாலும் சைபர்.

"ஒரு மழைமானிதானே? மத்ததெல்லாம் சரியா இருக்கே" என்றேன்.

அவர் நிதானமாக விளக்கினார். ரேடார் பார்ப்பது மேலே மேகத்தில் இருக்கும் நீரை. அதில் எவ்வளவு தரைக்கு வந்தது என்பதைத் தரையில் இருக்கும் மழைமானிதான் சொல்ல வேண்டும். அடுத்த சில மணி நேரத்துக்கான கணக்கைப் போடும்போது கம்ப்யூட்டர் இரண்டையும் ஒத்துப் பார்க்கும். மழைமானி திரும்பத் திரும்ப சைபர் சொன்னால், 'இந்தப் பக்கம் வரும் மேகம் பார்வைக்குத்தான் கறுப்பு, பெய்யாது' என்று அது பாடம் படித்துக்கொள்ளும். தை மாதத்தில் காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கும். கும்மிடிப்பூண்டியைத் தாண்டிய மேகம் அடுத்து எங்கே போகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நேர்கோட்டில் அண்ணியின் களம்.

"போன தையில முன்னறிவிப்பு தப்பானது இதனாலயா?" என்று கேட்டேன்.

"இதுவும் ஒரு காரணமா இருக்கலாம். ஒரே கருவிமேல பழி போட முடியாது" என்றார். அந்த 'இருக்கலாம்' எனக்குப் போதவில்லை. காரணம் தெரிந்தே ஆக வேண்டும் என்று மனது கிடந்து அரித்தது.

போய்ப் பார்த்தேன். புனல் சுத்தம், அடைப்பு இல்லை. பாட்டில் தண்ணீர் ஊற்றினால் டிக், டிக், டிக். ஆய்வு மையத்துக்குப் போன் செய்தால் "வந்துடுச்சு மேடம்" என்கிறார்கள். ஒயரை மாற்றினேன், சிம்மை மாற்றினேன். அடுத்த மழைக்கு மறுபடியும் சைபர். மறுபடியும் போனேன். நான் கிளம்புவதெல்லாம் மழை விட்டு, ரோடு காய்ந்த பிறகு. நனைந்துகொண்டே ஸ்கூட்டரில் அந்த லாரி ரோட்டில் போக எனக்கென்ன பைத்தியமா? ஆகவே ஒவ்வொரு தடவையும் வெயிலில்தான் மழைமானியைப் பார்த்தேன். வெயிலில் அது ஒரு குறையும் சொல்லவில்லை.

மண்டை காய்ந்தது. காய்ந்த மண்டையில் என்னென்னவோ முளைத்தது. உருக்காலையின் அனல் மேலே எழும்பி மழையை அந்தரத்திலேயே ஆவியாக்கிவிடுகிறதோ? ஆராய்ச்சியாளரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "கேக்க சுவாரஸ்யமாதான் இருக்கு. ஆனா முற்றத்துல தண்ணி தேங்கி நிக்குதா, பாத்தீங்களா?" என்றார். தேங்கித்தான் நின்றது. மழைமானியைச் சுற்றி முழுக்கச் சேறு. அப்படியென்றால் மழை தரைக்கு வந்திருக்கிறது, என் புனலுக்குள் மட்டும் வரவில்லை. அந்தத் தடவை குனிந்து புனலை நன்றாகப் பார்த்தேன். செம்பழுப்பாக இரும்புத் தூசி படிந்திருந்தது. இதற்கு முன்பும் படிந்திருந்தது, தொழிற்பேட்டைதானே என்று துடைத்துவிட்டுப் போயிருந்தேன். முந்தின நாள் அடைமழை பெய்திருக்கிறது. தூசி ஏன் கழுவிக்கொண்டு போகவில்லை?

அந்த முற்றத்துக்குப் பொறுப்பான சூப்பர்வைசரிடம் கேட்டேன். ஐம்பது வயதிருக்கும், ஆந்திர எல்லைப் பக்கத்துக்காரர், பேச்சில் தெலுங்கு வாடை அடிக்கும். எங்கள் நிலையத்தை அந்த ஆலையில் அவரைப்போல யாரும் மதித்ததில்லை. வேலிக்குள் ஒரு குப்பை கிடக்காது. மழைமானியின் வெள்ளை உருளை எப்போதும் பளபளவென்று இருக்கும். என் மற்ற நிலையங்களில் ஆடு கட்டுவார்கள், துணி காயப்போடுவார்கள், ஓரிடத்தில் கம்பத்துக்கு மாலை போட்டுப் பொட்டும் வைத்திருந்தார்கள்.

"நம்ம யார்டுல யாரும் அதுங்கிட்ட போவமாட்டாங்க மேடம். நான் பாத்துக்கறேன்" என்றார். நானும் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

இனி ஒரே வழிதான் பாக்கி. மழை பெய்யும்போது போக வேண்டும்.

தை பிறந்தது. அண்ணி அறுப்பு முடித்துக் களத்தில் நெல்லைக் குவித்திருந்தார். அன்றைக்குக் காலையில் போன். "உன் மழை இன்னா சொல்லுது?" என்று வழக்கம்போலச் சிரிப்போடு கேட்கவில்லை. "போன்ல பாத்தேன். மழை இல்லன்னு போட்டுக்குது. காயப் போடறேன்" என்று மட்டும் சொன்னார். என்னைக் கேட்கவே இல்லை. அது எனக்குச் சுருக்கென்று தைத்தது.

மீஞ்சூர் ஸ்டேஷனில் நின்று வடக்கே பார்த்தேன். வானம் கறுத்துக் கிடந்தது. கும்மிடிப்பூண்டி வண்டியில் ஏறினேன். பொன்னேரி தாண்டுகையில் ஜன்னல் கம்பியில் முதல் துளி. கவரைப்பேட்டையில் ஜன்னலை இறக்கிவிட்டார்கள். கும்மிடிப்பூண்டியில் இறங்கியபோது நல்ல மழை. நாஷ்டா சாப்பிடக்கூட நிற்காமல் ஷேர் ஆட்டோ பிடித்தேன். போனில் எங்கள் நிலையத்தின் கணக்கைப் பார்த்தேன். சைபர். ஆட்டோவின் கூரை கிழிந்து என் மடியில் ஒழுகிக்கொண்டிருக்கிறது, அங்கே சைபர்.

ஆலைக்குள் நுழையும்போது விசில் ஊதிக்கொண்டிருந்தார்கள். அந்த ஊரில் மழைக்கு ஒரு பழக்கம் உண்டு. வானம் கறுத்ததும் யார்டில் விசில் ஊதுவார்கள். உடனே கை வேலையைப் போட்டுவிட்டு ஆளாளுக்குத் தார்ப்பாயை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். ஈரமான பழைய இரும்பு உலைக்குள் போனால் உருகிய குழம்பு வெடித்துச் சிதறும். பக்கத்தில் நிற்பவன் பிழைக்கமாட்டான். அதனால் மழை என்றால் மூடு என்பது அவர்களுக்குச் சிந்தித்துச் செய்கிற காரியமே இல்லை, கை தானாகப் போகும். இரும்புக் குவியல், மூட்டை, மோட்டார், யாரோ ஒருவருடைய பைக் எல்லாம் மூடியிருந்தது.

என் மழைமானியும் மூடியிருந்தது.

பெரிய நீல பிளாஸ்டிக் டிரம்மைப் பாதியாக அறுத்து, அதன்மேல் கவிழ்த்து, காற்றில் பறக்காதபடி கயிறு போட்டு இழுத்துக் கட்டியிருந்தார்கள். நான் நனைந்துகொண்டு அதைப் பார்த்தபடி நின்றேன். சூப்பர்வைசர் ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். எனக்கு என்று நினைத்தேன். நான் கயிற்றில் கை வைத்ததைப் பார்த்ததும் குடையை டிரம்முக்குமேல் பிடித்தார்.

"மேடம், மேடம், தொறக்காதீங்க. கரண்டு சாமான், தண்ணி பூந்துடும். மழை நிக்கட்டும்."

"இதை யார் மூடுனது?"

"நான்தான்." குரலில் பெருமை. "எப்ப மழை வந்தாலும் மொதல்ல இதைத்தான் மூடுவேன். அப்புறந்தான் இரும்பு. நின்னதும் எடுத்துட்டு, மேல தொடச்சி வெச்சிடுவேன். மேல சுத்துற காத்தாடி எட்டல, இல்லன்னா அதையும் மூடியிருப்பேன்." வேலியில் எங்கள் ஆட்கள் மாட்டிய போர்டைக் காட்டினார். 'அரசு உடைமை. சேதமின்றிப் பாதுகாக்கவும்.'

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த டிரம்மைத் தூக்கி ரோட்டில் எறிந்திருப்பேன். ஆனால் அவர் குடையை அதற்குப் பிடித்துவிட்டு, தலையிலிருந்து கால்வரை தொப்பலாக நனைந்து நிற்பதைப் பார்த்ததும் சிரிப்பு முந்திக்கொண்டது. இரும்புக்கு முன்னால் இதை மூடுகிற மனுஷனை எப்படித் திட்டுவது?

"அண்ணா, இது மழையை அளக்கிற சாமான். நனையறதுதான் இதுக்கு வேலை."

அவர் என்னையும் டிரம்மையும் மாறி மாறிப் பார்த்தார். "நனையணுமா?"

"நனையணும்."

"நனைஞ்சா கெட்டுப்போவாதா?"

"நனையலேன்னாத்தான் கெட்டுப்போகுது. இதோட சேத்து எங்க அண்ணி நெல்லும் கெட்டுப்போகுது."

குடையை மெதுவாக மடக்கினார். "அய்யய்யோ, நைனா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு கயிற்றை அவரே அவிழ்த்தார், அவர் போட்ட முடிச்சு எனக்கு அவிழவில்லை. டிரம் விலகியதும் புனலில் மழை விழுந்தது. செம்பழுப்புத் தூசி சேறாகிக் கீழே இறங்கியது. இரண்டு பேரும் உருளைக்குக் காதைக் கொடுத்துக் குனிந்து நின்றோம். டிக். கொஞ்ச நேரம் கழித்து டிக். பிறகு விடாமல். "உசுரு வந்துக்கினுக்குது" என்றார் அவர்.

ஆராய்ச்சியாளருக்குப் போன் செய்தேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் திரையில் எண் ஏறத் தொடங்கிவிட்டது. "மூடியா வெச்சிருந்தாங்க!" என்று அவர் சிரித்த சிரிப்பில் அவருடைய பொறுமை முழுவதும் கரைந்துபோனது. பழைய சைபர்களையெல்லாம் ஒதுக்கிவிட்டுக் கணக்கை மறுபடி போடுவதாகவும், அடுத்த முன்னறிவிப்பில் மாற்றம் தெரியும் என்றும் சொன்னார். அதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். மேகம் அதற்காகக் காத்திருக்காதே. வானத்தைப் பார்த்தேன், கறுப்பு முழுவதும் தென்மேற்கே சாய்ந்து ஓடிக்கொண்டிருந்தது.

அண்ணியை அழைத்தேன்.

"நெல்லை வாரிக் குவிச்சு மூடுங்க அண்ணி. மழை வருது."

"இங்க வெயிலு சுள்ளுனு அடிக்குது. உங்க ஆபீசு போனுல அனுப்பினதுலயே மழை இல்லன்னு போட்டுக்குது பாப்பா. நீ ஒண்ணு சொல்ற, உங்க ஆபீசு ஒண்ணு சொல்லுது. நான் யாரை நம்பறது? ஆளுங்கள இப்பதான் அனுப்பினேன்."

ரேடார், கணக்கு, சைபர் என்று விளக்க வாயெடுத்தேன். போன தையில் நான் சொன்னதும் இதே குரலில்தான். சூப்பர்வைசர் என் கையிலிருந்து போனை வாங்கினார். பக்கத்திலிருந்த தகரக் கொட்டகைக்குக் கீழே போய், போனைக் கூரையைப் பார்த்துத் தூக்கிப் பிடித்தார். தகரத்தில் மழை கொட்டும் சத்தத்தில் நான் பேசினால் எனக்கே கேட்காது. அப்படியே கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டு, போனில் கத்தினார்:

"எம்மா, இது கும்மிடிப்பூண்டி மழை! உன் ஊட்டுப் பக்கந்தான் வந்துக்கினுக்குது! மூடறதைப் பத்தி எனக்குத் தெரியும்மா, ஓடிப்போய் மூடு!"

போன் துண்டித்தது.

அதன்பிறகு எங்களுக்குச் செய்ய ஒன்றுமில்லை. சூப்பர்வைசர் கேன்டீனில் டீ வாங்கிக் கொடுத்தார். என் மனது இரண்டாகக் கிடந்தது. மழை அங்கே போகக் கூடாது, நெல் பிழைக்க வேண்டும். போகாவிட்டால், வெயிலில் ஓடி ஓடி நெல்லை வாரியவர் இனி என்னைச் சீந்தவே மாட்டார். இத்தனை வருஷம் இந்த வேலை பார்த்தும், மேகம் பாதி வழியில் மனது மாறாது என்று என்னால் சொல்ல முடியாது. யாராலும் முடியாது. அடுத்த முன்னறிவிப்பு என் போனுக்கு வந்தபோது திருவாலங்காட்டுப் பக்கம் மழை என்று இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன், அண்ணியிடமிருந்து போன் வருகிற வரைக்கும்.

"ஒரு ஓரம் நனைஞ்சிடுச்சு" என்றார் அண்ணி. மூச்சு வாங்கியது. பின்னால் மழைச் சத்தம் கேட்டது. "மீதியெல்லாம் மூடிட்டேன். பக்கத்து ஊட்டுக்காரங்களையும் இட்டுக்கினு வந்து மூடினேன். யாரு பாப்பா அந்த ஆளு, பேஜாரா கத்தினாரே?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. டீ கிளாசை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். சூப்பர்வைசர் அந்தப் பக்கம் திரும்பி இரும்புக் குவியலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலிக்கு நாங்கள் புது போர்டு எழுதி மாட்டினோம். அவருக்கு அது தேவைப்படவில்லை. இப்போதெல்லாம் யார்டில் விசில் ஊதினால், இரும்பை மூட ஓடுகிற கூட்டத்தில் புது ஆள் யாராவது பழக்க தோஷத்தில் மழைமானியைத் தொட்டுவிடாதபடி அவர் குடையோடு பக்கத்தில் நின்றுகொள்கிறார். அங்கிருந்தே எனக்குப் போன் செய்கிறார். நான் கேட்டுக்கொள்ளவில்லை, கம்ப்யூட்டருக்குத்தான் எல்லாம் போகிறதே என்று சொன்னாலும் விடுவதில்லை.

அடுத்த தையில் நான் அண்ணி வீட்டில் இருந்தேன். நெல் களத்தில் காய்ந்துகொண்டிருந்தது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. என் போன் அடித்தது. அண்ணிக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"மேடம், நனையுது. நல்லா நனையுது."

அண்ணி வானத்தைப் பார்க்கவில்லை. எழுந்து போய்த் தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையைப் பிடிக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்.